ஒன்பதாவது கட்டம்

அப்பா மாதிரி என்று நினைத்துக்கொள்ளம்மா, இப்படி ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். ஓடுகிற பஸ்ஸில் முழங்கால் நிற்க விடாது. நடுவில் உன் பையை வைத்துக்கொள், நல்லதுதான். காதில் மாட்டியிருக்கும் ஒயரை எடுக்க வேண்டியதில்லை. நான் பேசினால் அதையும் தாண்டிக் கேட்கும் என்று என் மனைவி சௌந்திரம் சொல்வாள்.

தனியாகவா கொடைக்கானல் வந்தாய்? சரி. தப்பாகக் கேட்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் நீ இந்தப் பையோடு என் லாட்ஜ் வாசலில் வந்து நின்றிருந்தால் சாவி கொடுத்திருக்க மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. தவசி லாட்ஜ் என்றால் குடும்பம். போர்டிலேயே 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்று எங்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தோம். தவசிலிங்கம் என்கிற என் பெயரைச் சுருக்கித்தான் தவசி லாட்ஜ்.

என்னிடம் ஒரு ரிஜிஸ்டர் உண்டு. பன்னிரண்டு கட்டம். பெயர், ஊர், வந்த நேரம் எல்லாம் போக, ஒன்பதாவது கட்டம், 'உடன் தங்குபவருடன் உறவு முறை'. முப்பத்தோரு வருஷமாக அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டதில்லை. மனைவி, மகன், மாமியார், கொழுந்தியாள், எல்லாம் அடக்கம். உறவு சொல்ல முடியாதவனுக்கு அறை கிடையாது.

ஜோடியாக வந்தால் முதலில் கழுத்தைப் பார்ப்பேன். தாலியை மட்டும் நம்பவும் முடியாது. அதனால் ஆணைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க மாமியார் பேரு என்ன சார்?" என்று கேட்பேன். பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு அவளுடைய மாமியார் பெயரைக் கேட்பேன். பொய் ஜோடிகள் டக்கென்று சொல்லிவிடும். நிஜமான கணவன்தான் திருதிருவென்று முழித்துவிட்டு, "அத்தைன்னுதாங்க கூப்பிடுவேன்" என்பான். அப்படி எத்தனை நல்ல குடும்பங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் தெரியுமா? சட்டம் என்றால் சட்டம்.

அப்புறம் காலம் மாறியது. குடும்பங்களெல்லாம் காட்டேஜ், ஹோம்ஸ்டே என்று போய்விட்டன. இரண்டு சீசன் நானும் சௌந்திரமும் மட்டும் பதினான்கு அறைக்கும் விளக்குப் போட்டு விளக்கணைத்தோம். அப்போதுதான் என் மகள் ஹேமா பெங்களூரிலிருந்து வந்தாள். ஒரே மகள். கம்ப்யூட்டர் வேலை. வந்தவள் அறைகளின் சுவரையெல்லாம் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இந்த மூணு ரூமையும் ஒண்ணாக்கி எட்டுப் படுக்கை போடுவோம். மாடிப் படுக்கை. தனித்தனியா ஊர் சுத்துற பசங்க வருவாங்க."

"ஆம்பளைக்கா, பொம்பளைக்கா?"

"ரெண்டு பேருக்கும்பா."

"ஒரே ரூம்லயா?"

"ஒரே ரூம்லதான். ட்ரெய்ன்ல படுக்கிறாங்கல்ல?"

ரயிலில் டி.டி.ஆர். இருக்கிறாரே என்றேன். "இங்க நீங்க இருக்கீங்களேப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன்.

பெயரையும் மாற்றினாள். 'தூக்கணாங்கூடு'. காற்றில் தொங்குகிற கூடு. மலைச்சரிவில் கட்டிடத்தை வைத்துக்கொண்டு வைக்கிற பெயரா? ஆனால் கூட்டம் வந்தது. பெங்களூரில் உட்கார்ந்தபடியே அவள் போனில் புக்கிங் வாங்குவாள், இங்கே எனக்கு டிங் என்று சத்தம் வரும்.

முதல் நாள் எட்டுப் பேர் வந்தார்கள். கிடாரோடு புனேயிலிருந்து ஓம்கார் என்று ஒரு பையன், கொச்சியிலிருந்து அஞ்ஜனா என்று ஒரு பெண், இஸ்ரேலிலிருந்து டாலியா என்று தலையை மொட்டையடித்த ஒரு அம்மாள், இன்னும் ஐந்து பேர். ரிஜிஸ்டரை விரித்தேன். எட்டுக் கட்டம் எழுதினேன். ஒன்பதாவதில் பேனா நின்றுவிட்டது.

"உங்களுக்குள்ள என்ன உறவு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அங்கிள். இப்பத்தான் பார்க்கிறோம்" என்று சிரிக்கிறார்கள்.

ஒண்ணுமில்லை என்று எப்படியம்மா எழுதுவது? ஆணும் பெண்ணும் ஒரே அறை, உறவு ஒண்ணுமில்லை என்று என் கையால் எழுதினால் நாளைக்கு யார் பதில் சொல்வது? அரைமணி நேரம் யோசித்தேன். அப்புறம் நானே எழுத ஆரம்பித்தேன். வயதில் மூத்த டாலியா பெரியம்மா. ஓம்கார் பெரியம்மா மகன். அஞ்ஜனா சித்தி மகள். மற்ற ஐந்து பேரும் சித்தப்பா பிள்ளைகள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனி. 'கசின்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். வேறு லாட்ஜ்காரனாக இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பான். கசின் என்றால் மாமன் மகளும் கசின்தானே? மாமன் மகள், அத்தை மகன் என்று ஆகிவிட்டால் கட்டிக்கிற முறை. கட்டிக்கிற முறை உள்ள பிள்ளைகளைக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே அறையில் படுக்க வைக்கலாமா? அதனால் பெரியம்மா, சித்தி, பெரியப்பா, சித்தப்பா வழியில் மட்டும்தான் போவேன். எல்லோரும் அண்ணன் தங்கை. ஒரு விரசமும் இல்லை.

பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. காலையில் சௌந்திரத்தின் பொங்கலுக்கு வரிசையில் நிற்கும்போதே, "அங்கிள், எனக்கு இவன் என்ன வேணும்?" என்று கேட்பார்கள். புதிதாக ஒருத்தன் வந்தால் அவனுக்கு நான் உறவு போடுகிற வரைக்கும் பையை இறக்காமல் நிற்பான். நான் வேடிக்கைக்குச் செய்யவில்லை. ஓம்காரும் அஞ்ஜனாவும் ஏரிக்கரையில் கைகோத்து நடந்ததை நானே பார்த்தேன். அங்கேயே நிறுத்தினேன்.

"டேய், உன் சித்தி மகடா அவ."

இரண்டு பேரும் கையை விட்டுவிட்டார்கள். அவன் ஊருக்குப் போய் இணையத்தில் எழுதினான், 'தனியாகப் போனேன், ஒரு குடும்பமும் ஒரு தங்கையும் கிடைத்தார்கள்' என்று. ஐந்து நட்சத்திரம். பாவம், நல்ல பையன்.

ஒருநாள் ஏட்டையா ரிஜிஸ்டர் பார்க்க வந்தார். வாரம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தைப் புரட்டியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னய்யா தவசி, இஸ்ரேல்காரம்மா புனேக்காரனுக்குப் பெரியம்மாவா?"

"ஆமாங்கய்யா."

"எந்த வழியில?"

"தூரத்து வழிங்கய்யா."

ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். "ம். காலியா ஒண்ணும் இல்ல" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பொங்கல் சாப்பிட்டுப் போனார். நிறைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. நான் நிறைத்து வைத்திருக்கிறேன்.

பெருமாள்மலை வந்துவிட்டதா? வளைவு அதிகம் இனிமேல். எலுமிச்சம்பழம் வேண்டுமா? வேண்டாமா, சரி.

என் விஷயம் இதுவரைக்கும் நன்றாகத்தான் போனது. மார்ச் மாதம் ஹேமா போன் பண்ணினாள். கூட வேலை செய்கிற பையனாம், நிர்மல். கட்டிக்கொள்ளப் போகிறாளாம்.

நான் சாதி பார்க்கிறவன் இல்லையம்மா. என் ஹாஸ்டலில் எட்டுப் பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள், யாரையாவது என்ன ஆட்கள் என்று கேட்டிருப்பேனா? அதனால் பெயரை மட்டும் கேட்டேன். நிர்மல் என்ற பெயரை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா பெயர் கேட்டேன், ராஜேந்திரன். இறந்துவிட்டாராம். அதிலும் ஒன்றும் இல்லை. ஊர் கேட்டேன், நிலக்கோட்டை. "நிலக்கோட்டையில எந்தத் தெரு?" என்று கேட்டேன்.



"ஹலோ, ஹேமா? தெரு?"

"எதுக்குப்பா தெரு?"

"லெட்டர் போடலாம்னு."

நல்ல பதில்தானே? அவளுக்குக் கோபம். ஆனாலும் சொன்னாள். அம்மா பெயர் தனபாக்கியம், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். இருபத்திரண்டு வருஷமாக, தினமும் இருநூறு பிள்ளைகளுக்கு. நானும் நல்லபடியாகத்தான் விசாரித்தேன். "அப்படியா, நல்லது. எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடுவாங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். ஒரே ஒரு வார்த்தை. போனை வைத்துவிட்டாள்.

அப்புறம் நானும் ஒரு கோபத்தில், அவனோடு என் வீட்டுப் படியேறாதே என்று சௌந்திரத்திடம் சொல்லி அனுப்பினேன். சௌந்திரம் அதை அப்படியே சொல்லிவிட்டாள். சில விஷயங்களை மாற்றிச் சொல்ல வேண்டாமா? முப்பது வருஷமாக என் பேச்சைக் கேட்காதவள் அன்றைக்குத்தான் கேட்டாள். இரண்டு மாதம் ஹேமா என்னோடு பேசவில்லை. போனில் டிங் சத்தம் மட்டும் வரும். அவள் வாங்கி அனுப்புகிற புக்கிங். அந்தச் சத்தம் வந்தால், சரி, பிள்ளை எழுந்துவிட்டாள் என்று தெரிந்துகொள்வேன்.

மே மாதம், சீசன் உச்சத்தில், ஒரு மத்தியானம் டிங். ஏழாம் படுக்கை, எட்டாம் படுக்கை, இரண்டு பேர். அரைமணி நேரத்தில் வாசலில் வந்து நிற்கிறார்கள். ஹேமாவும் ஒரு ஒல்லிப் பையனும்.

"வீட்டுக்கு வரலப்பா" என்றாள், முதல் வார்த்தையே அதுதான். "ரெண்டு படுக்கை புக் பண்ணியிருக்கோம். ஒரு நாள் தங்கிட்டுப் போயிடுவோம். ஜூன் ஒன்பது ரிஜிஸ்டர் மேரேஜ். சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்."

வீடு எங்கே இருக்கிறது என்கிறாய்? அதே கட்டிடத்தில் மாடி. பதினேழு படி. பிறந்து வளர்ந்த வீட்டைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு பெற்ற மகள் என்னிடம் படுக்கை கேட்கிறாள்.

புக்கிங்கை ரத்து பண்ணலாம் என்றால், ரத்து பண்ணினால் நட்சத்திரம் குறையும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். ரிஜிஸ்டரை விரித்தேன். பெயர், ஹேமலதா. ஊர்... என்னவென்று எழுதுவேன்? பெங்களூர் என்று எழுதினேன். ஒன்பதாவது கட்டம் வந்தது.

கூடத்தில் இருந்த பிள்ளைகளெல்லாம் எழுந்து வந்து கல்லாவைச் சுற்றி நின்றுகொண்டார்கள். உறவு போடுகிற வேடிக்கை பார்க்க வேண்டுமே. "அங்கிள், ப்ரோ என்னோட சித்தி மகன்!" என்கிறான் ஒருத்தன். சௌந்திரம் சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நிற்கிறாள்.

"ஊரு உலகத்துக்கெல்லாம் உறவு எழுதுறீங்க. எழுதுங்களேன், பார்ப்போம்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஏட்டையா வருகிறார். சனியன், அன்றைக்கு என்று கையெழுத்துக் கிழமை.

"என்ன தவசி, கட்டம் காலியா இருக்கு?"

நீயே யோசித்துப் பார். வழக்கம் போல சித்தி மகன் என்று எழுதினால் அவளுக்கு அண்ணன் முறை. இரண்டு வாரத்தில் கல்யாணம். அண்ணனைக் கட்டினாள் என்று என் ரிஜிஸ்டரே சொல்லும். அந்தப் பாவத்தை எழுத முடியுமா? கணவன் என்று எழுத முடியாது, இன்னும் ஆகவில்லை. நண்பன் என்று என் லாட்ஜில் யாரும் தங்கியதில்லை. ஏட்டையா விரலால் மேஜையைத் தட்டுகிறார். ஹேமா என் பேனாவையே பார்க்கிறாள். முப்பத்தோரு வருஷப் பழக்கம், கை தானாகப் போய் எழுதிவிட்டது.

'என் தங்கை மகன்.'

ஏட்டையா சத்தமாகப் படித்தார். "அட, உன் தங்கச்சி பையனா? அப்ப முறைப்பையன்! கல்யாணம் எப்போ?"

"ஜூன் ஒன்பதுங்க சார்" என்றான் அந்த ஒல்லிப் பையன். அவன் பேசிய முதல் வார்த்தை. பிள்ளைகளெல்லாம் கைதட்டினார்கள். இந்த சீசனுக்கும் வந்திருந்த டாலியாவும் எதற்கென்று தெரியாமலே தட்டினாள்.

நான் விட்டுக்கொடுத்தேன் என்று நினைக்காதே. நான் எழுதியது எழுத்துப்படி சரி. தங்கை மகனுக்குப் பெண் கொடுப்பது நம் வழக்கம். தங்கை மகன் என்றால் நம்ம ஆட்கள்தானே? தெரு, கிரு என்று எதுவும் கேட்க வேண்டியதில்லை. எனக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒரு சிக்கல். அண்ணன் தங்கை என்றால் ஒரே அறையில் படுக்கலாம். முறைப்பையன் முறைப்பெண் ஆகிவிட்டார்களே! விதியை நான் மீறலாமா? "ஹேமா, நீ இந்த ரூம்ல படுக்க முடியாது" என்றேன். "வேற படுக்கை இல்லை. மேல போய்ப் படு." பையை அவள் எடுப்பதற்குள் சௌந்திரம் எடுத்துக்கொண்டு பதினேழு படியும் ஏறிவிட்டாள். நான் அழைக்கவில்லையம்மா. கட்டம் அப்படி வந்து விழுந்தது.

மறுநாள் கிளம்பும்போது ஹேமா என்னிடம் வந்தாள். சிரிக்கவில்லை.

"தங்கச்சி மகன்னு எழுதிட்டீங்க. ரொம்ப வசதியா எழுதிட்டீங்க."

"ஏம்மா, நல்லாத்தானே..."

"அப்ப தங்கச்சி வீட்டுக்கு வாங்க. அத்தை கையால ஒரு வேளை சாப்பிடுங்க. சாப்பிட்டா கல்யாணத்துக்கு வாங்க. இல்லைன்னா வர வேணாம். அதுக்கப்புறம் எதுக்குமே வர வேணாம்."

எதுக்குமே என்றால் எதற்குமே. என்னைப் போலவே பிடிவாதம். சொன்னால் செய்வாள்.

அதற்குத்தான் இப்போது போகிறேன். நாளைக்கு மறுநாள் கல்யாணம். சௌந்திரம் நேற்றே போய் அங்கே உட்கார்ந்துவிட்டாள். என் அண்ணனுக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "தங்கச்சி மகனுக்குக் கொடுக்கிறேன்ணே."

"நமக்கு ஏதுடா தங்கச்சி?"

"தூரத்துத் தங்கச்சிண்ணே."

"எவ்வளவு தூரம்?"

"நிலக்கோட்டை."

அவர் போனை வைத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது.

தங்கை என்று எழுதியாகிவிட்டது, வெறுங்கையோடு போகக் கூடாதே, சேலை எடுத்திருக்கிறேன். அரக்கு கலர். நல்ல கடையில்தான். சேலை கொடுப்பதில் எனக்கு ஒன்றுமில்லை. கொடுப்பது சுலபம். சாப்பிடுவதுதான்... நான் ஒன்றும் நினைக்கவில்லையம்மா. அந்தக் காலத்து மனுஷன், வெளியே எங்கேயும் சாப்பிட்டுப் பழக்கமில்லை. மதுரை ஓட்டலில் சாப்பிடுவேன், அது ஓட்டல். சமைக்கிறவர் யாரென்று நமக்குத் தெரியாது, அதனால் பிரச்சினை இல்லை.

காலையிலேயே ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். காரணமும் இரண்டு மூன்று யோசித்து வைத்திருக்கிறேன். நீ படித்த பெண், எது பொருத்தம் என்று சொல்லேன். ஒன்று, வயிறு சரியில்லை. இரண்டு, டாக்டர் வெளிச்சாப்பாடு கூடாது என்கிறார். மூன்று, இன்றைக்கு எனக்கு விரதம். விரதம்தான் மரியாதை என்று தோன்றுகிறது. யாருக்கும் மனசு நோகாது. சாமியின் மேல் போட்டுவிடலாம். என்னம்மா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாயே. சரி சரி.

இரு, போன்.

ஹலோ, சௌந்திரமா... வத்தலக்குண்டு தாண்டியாச்சு... ஆமா, சேலை இருக்கு... என்னது, கத்தரிக்கா குழம்பா? இல்ல, எனக்கு இன்னிக்கு விர... ஹலோ? யாரு? ...நல்லாருக்கேன்மா... ம்... ம்... சரிம்மா... சரி.

அந்த அம்மாள்தான் பேசியது. தனபாக்கியம். முதல் தடவை குரல் கேட்கிறேன். "அண்ணே" என்கிறது. தயங்கவே இல்லை. "அண்ணே, பார்த்து வாங்க, பஸ்ல கூட்டமா?" என்கிறது. அறுபத்திரண்டு வயது வரைக்கும் என்னை யாரும் தங்கை உரிமையோடு அப்படிக் கூப்பிட்டதில்லை. கூடப்பிறந்தது ஒரு அண்ணன் மட்டும்தான். அவருக்கு நான் 'டேய்'. விரதம் என்று சொல்ல வாயெடுத்தேன். "உங்களுக்குக் காரம் ஆகாதுன்னு ஹேமா சொல்லுச்சு, தனியா எடுத்து வச்சிருக்கேன்" என்கிறது. இருநூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிற கை, ஒருத்தனுக்கு மட்டும் தனியாக... பார், இந்த வெயில் எப்படி முகத்தில் அடிக்கிறது. கொஞ்சம் அந்தத் திரையை இழுத்து விடும்மா.

அதோ, நிலக்கோட்டை வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார்களா? அது சௌந்திரம். பக்கத்தில் ஹேமா. அந்த மஞ்சள் சேலை... அதுதானோ? நான் நினைத்ததைவிடச் சின்ன உருவமாக இருக்கிறதே. கையில் என்ன, சொம்பா? மோராகத்தான் இருக்கும். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, பேசி, மெதுவாகச் சொல்லலாம் என்று பார்த்தால் பஸ் வாசலுக்கே கொண்டு வந்துவிட்டதே.

எல்லோரும் பஸ்ஸைப் பார்க்கிறார்கள். ஹேமா மட்டும் ஜன்னல் ஜன்னலாக என்னைத் தேடுகிறாள். சின்னப் பிள்ளையில் ஸ்கூல் விட்டு வந்தால் இப்படித்தான் தேடுவாள்.

கண்டக்டர் சார், ஒரு நிமிஷம், முழங்கால்! இறங்கிக்கிறேன். அந்தத் துணிப்பையைக் கொடும்மா. வருகிறேன்.

இவ்வளவு தூரம் நான் வாய் மூடாமல் பேசிக்கொண்டு வந்ததை நீயே பார்த்தாய். தொண்டை எப்படிக் காய்ந்து கிடக்கிறது தெரியுமா? இந்த நிலையில் யார் மோர் கொடுத்தாலும் மனுஷன் குடித்துத்தானே ஆக வேண்டும்? பின்னால் யாராவது கேட்டால் நீ சொல்ல வேண்டும், அம்மா.